தனியாள் கனூவுக்குத் தோள்நுகம்: பணம் கொடுப்பதற்கு முன் எடுக்க வேண்டிய அளவுகள்

கோலாலம்பூரைவிட்டுக் கனடாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து ஒரு தனியாள் கனூவை, அதாவது ஒருவரே துடுப்புப் போட்டு ஓட்டும் மேல் திறந்த படகை, வாங்கினேன். கெவ்லார் என்ற இலேசான செயற்கை இழையால் ஆன உடல், 17 கிலோ. 10 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவனுக்கு இது ஒரு பாரமா என்று நினைத்தேன். பகாங்கில் தாசேக் பெரா ஏரிக்குப் போன முதல் நாளிலேயே, காரை நிறுத்திய இடத்திலிருந்து தண்ணீர் வரை இருந்த 400 மீட்டரில் அந்த நினைப்பு கரைந்துவிட்டது. அரிசி மூட்டை தோளோடு படிந்துவிடும். நாலரை மீட்டர் நீளப் படகு படியாது. காற்றடித்தால் திரும்பும், கிளை தட்டினால் நின்றுவிடும், நாம் ஒரு பக்கம் சாய்ந்தால் அது மறுபக்கம் சாயும்.

இதற்குத்தான் தோள்நுகம். படகைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கி நடக்கும்போது, இரு விளிம்புகளையும் இணைத்தபடி நம் தோளில் உட்காரும் குறுக்குக்கட்டை அது. நடுவில் கழுத்துக்கு ஒரு வளைவு, இரு பக்கமும் திண்டு. இருவர் ஓட்டும் கனூவில் இது நிரந்தரமாக நடுவில் பொருத்தப்பட்டிருக்கும். தனியாள் கனூவில் அந்த இடத்தை ஒட்டித்தான் நாம் உட்காருகிறோம்; நிரந்தர நுகம் வைத்தால் முழங்கால் இடிக்கும். ஆகவே நமக்கு வேண்டியது கழற்றி மாட்டும் நுகம்.

நான் இரண்டு நுகங்களுக்குப் பணம் கொடுத்தேன். முதலாவது இன்று பால்கனியில் துணி உலர்த்தும் கம்பாக இருக்கிறது. நுகத்தைக் குறை சொல்ல மாட்டேன். திண்டு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து, ஓர் அளவுகூட எடுக்காமல் வாங்கியவன் நான்.

1. முதலில், உங்களுக்கு நுகம் வேண்டுமா என்று பாருங்கள்

புத்ராஜெயா ஏரி, தித்திவங்சா ஏரி என்று நடைபாதை போட்ட இடங்களுக்கு மட்டும் போகிறவர் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, இரண்டு சக்கரம் வைத்த படகு வண்டி ஒன்றை வாங்குங்கள். கயாக்குக்கு விற்கும் அதே வண்டி கனூவுக்கும் போதும். தோளும் முதுகும் தப்பும்.

வேர்கள் புடைத்த காட்டுப்பாதை, சேறு, படிக்கட்டு, மணல் ஆகியவற்றில் வண்டி உதவாது. அங்கே போவதாக இருந்தால் மேலே படியுங்கள். படகு 25 கிலோவைத் தாண்டினால், நல்ல நுகம் இருந்தாலும் தனியாகத் தூக்குவது வேறு கதை. கெவ்லார் தனியாள் கனூக்கள் பெரும்பாலும் 14 முதல் 18 கிலோவுக்குள் இருக்கும். ராயலெக்ஸ் என்ற பழைய பிளாஸ்டிக் வகை உடல் என்றால் 20 கிலோவுக்கு மேல் போகும். விற்றவர் சொன்ன எடையை நம்பாதீர்கள். குளியலறைத் தராசில் நீங்கள் தனியாக ஒரு முறை, படகோடு ஒரு முறை நின்று பாருங்கள்.

2. படகு சமநிலைக்கு வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

டேப்பை எடுத்துப் படகின் நீளத்தை இரண்டால் வகுத்தால் வருவது நடுப்புள்ளி. படகு சமமாக நிற்கும் இடம் அதுவாக இருக்க வேண்டும் என்பதில்லை. தனியாள் கனூவில் இருக்கை நடுவிலிருந்து சற்றே பின்னால் இருக்கும். அதன் எடை புள்ளியைப் பின்னுக்கு இழுக்கும்.

ஓர் உறுதியான பெஞ்சின் மேல் ஓர் உருண்டைக் குழாயை வைத்து, அதன் மேல் படகைக் கவிழ்த்து வையுங்கள். விளிம்புகள் குழாயின் மேல் உட்கார வேண்டும். படகை மெல்ல முன்னும் பின்னும் தள்ளினால், இரு முனையும் தரையைத் தொடாமல் நிற்கும் ஓர் இடம் வரும். இரு விளிம்பிலும் அந்த இடத்தில் ஒட்டுநாடாவால் குறியிடுங்கள். இருக்கை நகரும் வகையானது என்றால், தூக்கும்போது அதை எங்கே வைக்கப்போகிறீர்களோ அங்கேயே வைத்துச் சோதியுங்கள். தண்ணீர்ப் போத்தல், கயிறு, துடுப்பு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

நுகத்தின் நடு அந்தக் குறியிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் முன்முனைப் பக்கம் வர வேண்டும். அப்போது பின்பக்கம் கொஞ்சம் கனத்து முன்முனை உயரும், பாதை கண்ணுக்குத் தெரியும். குறியின் மேலேயே வைத்தால் முன்முனை ஒவ்வோர் அடிக்கும் தலையாட்டும். குறிக்குப் பின்னால் வைத்தால் உங்கள் காலைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. முதல் முறை நான் அப்படித்தான் நடந்தேன். எதிரே இருந்த மரத்தைத் தலையால் கண்டுபிடித்தேன்.

3. நான்கு அளவுகள்: படகில் இரண்டு, உடம்பில் இரண்டு

பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் அந்த ஒன்றையும் எடுக்கவில்லை.

முதல் அளவு, குறியிட்ட இடத்தில் விளிம்பின் வெளிப்புறத்திலிருந்து எதிர்விளிம்பின் வெளிப்புறம் வரை. படகின் மிக அகலமான இடத்தை அளக்காதீர்கள். பல தனியாள் கனூக்களில் உடல் விரிந்து மேலே விளிம்புக்கு வரும்போது உள்நோக்கிக் குறுகும். படகின் வயிற்றை அளந்தால் தவறான எண் கிடைக்கும். என் படகில் இது 71 சென்டிமீட்டர், அதாவது 28 அங்குலம். நான் வாங்கிய முதல் நுகம் 36 அங்குலம், இருவர் படகுக்கானது. வெட்டிக்கொள்ளலாம் என்று விற்பனைக் குறிப்பில் இருந்தது. வெட்டலாம்தான். ஆனால் இரு பக்கமும் 4 அங்குலம் வெட்டிய பிறகு, கிளாம்ப் (நுகத்தை விளிம்போடு சேர்த்து இறுக்கும் பிடி) உட்கார வேண்டிய நேரான பகுதி போய் வளைவு விளிம்பு வரை வந்துவிட்டது. அந்த வளைவில் கிளாம்ப் எப்படிப் பிடிக்கும்?

இரண்டாம் அளவு, அதே இடத்தில் விளிம்பிலிருந்து படகின் அடி வரை ஆழம். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. கவிழ்த்துச் சுமக்கும்போது உங்கள் தலை படகுக்குள் போகிறது. தோளின் மேற்பகுதியிலிருந்து உச்சந்தலை வரை எவ்வளவு என்பது மூன்றாம் அளவு. எனக்கு இரண்டுமே ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். திண்டு தட்டையாக இருந்தால் உச்சந்தலை படகின் அடியில் இடிக்கும். தொப்பி போட்டால் கட்டாயம் இடிக்கும். உயரமான திண்டு படகை அந்த அளவுக்கு மேலே தூக்கிக் கொடுக்கிறது. ஆழம் குறைந்த படகுக்கு 7, 8 சென்டிமீட்டர் உயரத் திண்டு என்பது சொகுசு அல்ல, தேவை.

நான்காம் அளவுதான் வலியையும் சுகத்தையும் தீர்மானிப்பது. கழுத்தின் அடிப்பாகத்துக்கும் தோளின் எலும்பு முனைக்கும் நடுவே சதைப்பிடிப்பான ஒரு மேடு இருக்கிறது. திண்டு அங்கேதான் உட்கார வேண்டும். காறை எலும்பின் மேல் வந்தால் பத்து நிமிடத்தில் தெரியும். தோள்முனை எலும்பின் மேல் வந்தாலும் வலிக்கும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் என் அம்மா. ரப்பர் தோட்டத்தில் காண்டாக் கம்பில் ரப்பர் பால் வாளிகளை மாட்டித் தோளில் சுமந்தவர். நான் கணினியில் திண்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "மெத்தை பெரியதாக இருந்து என்ன பயன், இடம் தப்பினால்?" என்றார். பிறகு ஒரு துண்டை நான்காக மடித்துச் சும்மாடு போல என் தோளில் வைத்து, "இங்கே. இதற்கு அந்தப் பக்கம் போனால் எலும்பு, இந்தப் பக்கம் வந்தால் நரம்பு" என்று விரலால் அழுத்திக் காட்டினார். ஒரு நுகத்தின் விலையை அந்த விரல் முன்பே மிச்சப்படுத்தியிருக்கும்.

வீட்டில் ஒருவரை உதவிக்கு அழைத்து, அந்த இரு மேடுகளின் நடுவே மையத்திலிருந்து மையம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் தனியாக அளந்தால் கை உயரும்போது தோளும் உயர்ந்துவிடும். சட்டைக் காலரின் அளவை வைத்து ஊகிக்கவும் கூடாது. எனக்கு 22 சென்டிமீட்டர். உங்களுக்கு வேறாக இருக்கும். அதனால்தான் திண்டுகளை நகர்த்திப் பூட்டும் வசதியுள்ள நுகத்தை மட்டும் வாங்குங்கள் என்கிறேன். ஒரே இடத்தில் ஆணியடித்த திண்டு, அளந்து செய்தவருக்கு மட்டுமே பொருந்தும்.

4. விளிம்பு எதனால் ஆனது, கிளாம்ப் எப்படிப் பிடிக்கிறது

விளிம்பு மரமா, அலுமினியமா, வினைலா என்று பாருங்கள். கிளாம்பின் தாடை விளிம்பின் அடியில் பிடிக்க உதடு போல ஒரு நீட்சி வேண்டும். அலுமினிய விளிம்பு சிலவற்றில் அது மிக மெல்லியது. வாங்குவதற்கு முன் விளிம்பின் குறுக்குவெட்டைக் காகிதத்தில் வரைந்து, அளவு போட்டு, விற்பவருக்கு அனுப்புங்கள். படம் அனுப்பினால் ஒழுங்கான விற்பனையாளர் பொருந்துமா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

நட்டை உயிரைக் கொடுத்து முறுக்க வேண்டாம். நுகம் விளிம்பின் மேற்பரப்பில் உட்காருகிறது. படகைக் கவிழ்த்தால் அதன் எடையே விளிம்பை நுகத்தின் மேல் அழுத்திக்கொள்கிறது. கிளாம்பின் வேலை வழுக்காமல் பிடிப்பதும், தூக்கும் கணத்தில் ஏற்படும் முறுக்கைத் தாங்குவதும்தான். அதிகம் முறுக்கினால் மர விளிம்பு நசுங்கும். தாடைக்கு உள்ளே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஒட்டினால் பிடிப்பும் கிடைக்கும், கீறலும் விழாது.

கையால் திருகும் பெரிய குமிழ் வைத்த கிளாம்ப் நல்லது. ஸ்பானர் வேண்டும் என்றால் அதை ஒரு நாள் வீட்டில் மறந்துவிட்டுப் போவீர்கள்.

5. திண்டு: மெத்தென்று இருப்பது ஏமாற்றும்

கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து "ஆகா" என்று சொல்லவைக்கும் பஞ்சு, 17 கிலோவுக்குக் கீழே பத்து நிமிடத்தில் தட்டையாகிவிடும். அதன் பிறகு நீங்கள் சுமப்பது நேரடியாகக் கட்டையை. கட்டை விரலால் பலமாக அமுக்கினால் பாதிக்கு மேல் இறங்காத, விட்டவுடன் எழும் நுரை வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு நீர் உறிஞ்சாத மூடிய துளை நுரைதான் சரி. உறிஞ்சும் நுரையை ஒரு மழையில் நனைத்துக் காரின் பின்பெட்டியில் மூன்று நாள் விட்டுப் பாருங்கள். பூஞ்சை வாசம் படகை விற்கும் வரை போகாது.

உறைக்கு வழவழப்பான வினைல் வேண்டாம். வட அமெரிக்காவின் இலையுதிர்காலத்துக்கு அது பொருந்தலாம். இங்கே வியர்வையில் கழுத்தோடு ஒட்டும், பிறகு வழுக்கும். நைலான் கித்தான் அல்லது பைகளுக்குத் தைக்கும் முரட்டுத் துணி நன்றாக இருக்கிறது.

திண்டே இல்லாமல் தோளின் வடிவத்துக்கு ஆழமாகக் குடைந்த மர நுகங்களும் உண்டு. பொருந்துகிறவர்கள் அதைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். பொருந்தாதவர்களுக்கு அது தண்டனை. போட்டுப் பார்க்க முடியாத ஊரிலிருந்துகொண்டு அதை வாங்குவது சூதாட்டம்.

6. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

தனியாள் கனூவும் அதன் பாகங்களும் பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும்தான் தயாராகின்றன. இங்குள்ள படகுக் கடைகள் கயாக் கடைகள். ஆகவே இணையத்தில் வரவழைப்பீர்கள். நான் செய்த செலவைச் சொல்கிறேன்: நுகம் 110 டாலர், அன்று ஏறக்குறைய 484 ரிங்கிட். வரி 48. கூரியர் 310. மொத்தம் 842 ரிங்கிட், துணி உலர்த்தும் கம்புக்கு.

கூரியர் 310 ஆனது எடையால் அல்ல, பெட்டியால். விமான கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, வழக்கமாக 5000ஆல் வகுத்து ஓர் எடையைக் கணக்கிடும். உண்மை எடையைவிட அது அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம். எனக்கு வந்த பெட்டி 95, 25, 20. கணக்குப் போட்டால் 9.5 கிலோ. உள்ளே இருந்தது 1.8 கிலோ, மற்றதெல்லாம் கசக்கிய காகிதம். திண்டுகளைக் கழற்றி, கட்டைக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, 95, 15, 10 பெட்டியில் அனுப்பச் சொல்லியிருந்தால் 2.85 கிலோ. பணம் கட்டுவதற்கு முன் பெட்டியின் அளவைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்ட எனக்கு ஆன செலவு மேலே இருக்கிறது.

வரி: 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட் வரை விலையுள்ள பொருளை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 10 சதவீத விற்பனை வரி உண்டு. பதிவு பெற்ற விற்பனையாளர் வாங்கும்போதே அதை வசூலித்துவிடுவார். வரி வசூலித்தது விலைச்சீட்டில் தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் கேட்கப்படலாம். 500 ரிங்கிட்டைத் தாண்டினால் சுங்க அறிக்கை, தீர்வை, வரி என்று வேறு பாதை. நுகம், திண்டு, கிளாம்ப் மூன்றையும் ஒரே விலைச்சீட்டில் வாங்கும்போது இந்த எல்லையை மனத்தில் வையுங்கள்.

கைவசம் வைத்திருங்கள்: விலைச்சீட்டு, பணம் கட்டிய சான்று, பொருளின் படம், "கனூவைச் சுமக்கும் மரக்கட்டை" என்று ஒரு வரி விளக்கம். என்னிடம் கூரியர் அலுவலகத்தில் "இது என்ன, உடற்பயிற்சிக் கருவியா?" என்று கேட்டார்கள். விளக்கம் இல்லாததால் நான்கு நாள் தாமதம். எல்லாம் சேர்த்து எனக்கு 23 நாள் ஆனது. பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். வந்த பிறகு பொருத்தவும் சோதிக்கவும் நாள் வேண்டும்.

7. இங்கேயே செய்துகொண்டால்

என் இரண்டாவது நுகம் ஒரு தச்சர் பட்டறையில் பிறந்தது. மரம் 35 ரிங்கிட், போல்ட்டும் நட்டும் கிளாம்ப் தகடும் 48, நுரை 20, உறை தையல் 30, வார்னிஷ் 25, தச்சர் கூலி 60. கூட்டினால் 218.

மரத்தில் ஏமாற வேண்டாம். தச்சர் முதலில் ரப்பர் மரத்தைக் காட்டினார், விலை மலிவு. என் தாத்தா பால் வெட்டிய மரம் என்ற பாசம் எனக்கும் உண்டு. ஆனால் ஈரம் பட்டால் அதில் பூஞ்சை ஏறிவிடும், வீட்டுக்குள் இருக்கும் மேசைக்கே அது ஏற்றது. அடுத்து, உறுதியானது என்று செங்கால் மரத்தைக் காட்டினார். வீட்டுத் தூணுக்கு அதைப்போல மரம் இல்லை. ஆனால் தண்ணீரில் மிதப்பதே சந்தேகம் என்னும் கனம்; அதைச் சுமப்பதற்கே ஒரு நுகம் வேண்டும். நான் எடுத்தது நியாத்தோ. வட அமெரிக்காவில் நுகத்துக்குப் பயன்படுத்தும் ஆஷ் மரத்துக்கு எடையில் ஓரளவு கிட்ட வரும். முடிச்சு இல்லாத, நரம்பு நேராக நீளவாட்டில் ஓடும் துண்டாகப் பார்த்து எடுங்கள். கழுத்து வளைவை வெட்டும் இடத்தில்தான் கட்டை மெலிகிறது. அங்கே முடிச்சு இருந்தால் ஒரு நாள் தலைக்கு மேலேயே முறியும்.

போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகட்டும். முலாம் பூசியது மூன்று மாதத்தில் துருப்பிடித்துக் கையால் திருக முடியாமல் போகும்.

திண்டுக்கு யாரிடம் போவது என்று தெரியாமல் இரண்டு சோபா கடைகளில் கேட்டேன். இரண்டு இடத்திலும் மெத்தென்ற பஞ்சைத்தான் நீட்டினார்கள். கடைசியில் போனது காவடி கட்டிக்கொடுக்கும் ஒருவரிடம். தோளில் மணிக்கணக்கில் பாரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நுரையை இரண்டு அடுக்காக வைத்தார், கீழே கெட்டியானது, மேலே சற்று இளகியது. கழுத்துப் பக்கத்து ஓரத்தைச் சரிவாகச் சீவினார். தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் அவர்களிடம் போகாதீர்கள். மூச்சுவிட நேரம் இருக்காது.

8. காட்டுக்குப் போகும் முன் வீட்டருகே 20 நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் எந்த நுகமும் சுகமாகத்தான் இருக்கும். 20 நிமிடம் நடந்து பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். நான் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றினேன். பக்கத்து வீட்டு அக்கா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே!" என்றார். காவலாளி பின்னாலேயே வந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

கழுத்தின் இரு பக்கமும் உரசினால் திண்டுகளை வெளியே நகர்த்துங்கள். தோள்முனை எலும்பு வலித்தால் உள்ளே. பிடரி எலும்பில் கட்டை படுகிறது என்றால் வளைவு போதாது, இன்னும் குடைய வேண்டும். ஒரு முறைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்தாதீர்கள். விரல்கள் மரத்தால் உடனே இறக்கிவிடுங்கள், பொறுத்துப் பார்க்கும் விஷயம் அல்ல அது.

எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். நுகத்துக்கு முன்னால்தான் தலை வருகிறது. முன்முனையை நோக்கி நின்றால் இருக்கை பின்னால் போய்விடும். மறந்துபோய்த் திரும்பி நின்று தூக்கினால் இருக்கை நேராக மண்டையில் இறங்கும். உயரமான முதுகுப்பை மாட்டியிருந்தால் அதன் தலைப்பகுதியும் இருக்கையில் தட்டும், ஆகவே பையோடும் ஒரு முறை சோதியுங்கள்.

தூக்கும் முறை: படகின் பக்கவாட்டில் நில்லுங்கள். அருகிலுள்ள விளிம்பைப் பிடித்து, முழங்காலை மடக்கி, படகைத் தொடைமேல் ஏற்றுங்கள். ஒரு கையால் எதிர்விளிம்பைப் பிடித்து, தொடையால் ஓர் உந்து கொடுத்து, தலைக்கு மேல் சுழற்றுங்கள். முதுகை வளைத்து ஒரே இழுப்பில் தூக்குவது இளைஞர் செய்யும் வேலை, அவர்களும் ஒரு முறைதான் செய்வார்கள். இது வரவில்லை என்றால் பின்முனையைத் தரையில் ஊன்றி, முன்முனையைத் தூக்கிப் பிடித்து, விளிம்புகளைப் பிடித்தபடி நுகம் வரை பின்னோக்கி நடந்து உள்ளே புகுந்துகொள்ளலாம். பின்முனையில் கொஞ்சம் கீறல் விழும், அவ்வளவுதான்.

9. தண்ணீரில் இறங்கிய பின்

நுகத்தைக் கழற்றியதும் படகின் குறுக்குக்கட்டை ஒன்றில் கயிற்றால் கட்டிவிடுங்கள். சும்மா போட்டால், கவிழ்ந்த அன்று அது தனியாகப் பயணம் போகும். சுமக்கும் வேலையைக் காலை 7 மணி வாக்கில் முடித்துக்கொள்வது நல்லது. பிற்பகலில் இடியோடு மழை வந்தால் தலைக்கு மேல் நாலரை மீட்டர் படகை வைத்துக்கொண்டு திறந்தவெளியில் நிற்க வேண்டாம். வீடு திரும்பியதும் திண்டுகளைக் கழற்றி நிழலில் உலர்த்துங்கள்.

உபரி நட்டு நான்கை ஒரு சிறு டப்பாவில் போட்டுப் படகிலேயே ஒட்டிவையுங்கள். சேற்றில் விழுந்த நட்டைத் தேடி நான் அரை மணி நேரம் மண்டியிட்டிருக்கிறேன். கிடைக்கவில்லை.